ஒன்பதாம் அடி

ஏற்காடு கடைவீதியில் டீ ஆற்றுகிறவரும் மாஸ்டர், பிரபாகரும் மாஸ்டர். கடை வாசலில் நின்று யாராவது “மாஸ்டர்” என்று குரல் கொடுத்தால் இரண்டு தலைகள் திரும்பும். “உங்களத்தாங்க கூப்புடறாங்க. என்னைய எவன் இவ்வளவு மரியாதையா கூப்புடப் போறான்” என்பார் டீக்கடைக்காரர். பிரபாகர் கூச்சப்படுவதுபோல் சிரிப்பார். உள்ளுக்குள் அது அவருக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் லாட்ஜில் அவர் ‘தம்பி’. துபாயில் சட்டைப் பையின் மேல் தைத்திருந்த ஓர் எண்.

கரடியூரில் ஒன்றரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு, இரண்டு பலாமரம். இவ்வளவுதான் பிரபாகரின் குடும்பத்துக்கு. பிளஸ் டூவில் கணக்கு காலை வாரிவிட்டதும் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரூம் பாய் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சேலத்து ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து துபாய் போனார். அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், வெயிலே எட்டிப் பார்க்காத சலவைக் கூடத்தில், ஒன்பது வருடம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். அடுத்த மேஜையில் நின்று இஸ்திரி போட்டவர் ரோடெல். பிலிப்பைன்ஸில் செபு தீவுக்காரர். ஐம்பதை நெருங்கிய குள்ளமான மனிதர், நல்ல தொப்பை.

வெள்ளிக்கிழமை காலைகளில் தங்குமிடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, ரோடெல் இரண்டு பிரம்புகளைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். ஏதோ நாட்டியம் என்றுதான் பிரபாகர் முதலில் நினைத்தார். அவர்கள் ஊர்க் குச்சிச் சண்டை, பெயர் ஆர்னிஸ் என்று பிறகுதான் தெரிந்தது. நம் சிலம்பக் கம்பு ஆள் உயரம் இருக்கும். இது ஒரு கை நீளம்தான். பார்த்தால் கடையில் ஷட்டர் இழுக்கிற கோல் மாதிரி இருக்கும்.

தனக்கும் கற்றுக்கொடுக்கும்படி பிரபாகர் கேட்டார். ரோடெல் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்ன முதல் பாடம் இதுதான்: அடிக்கிறவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்காதே. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் பார். கத்தியானாலும் குச்சியானாலும் வெறும் கையானாலும் வருகிற வழி பன்னிரண்டுதான். ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண். ஒன்று, இடது நெற்றிப்பொட்டு. இரண்டு, வலது. மூன்றும் நான்கும் இரண்டு தோள்கள். ஐந்து, வயிற்றில் குத்து. ஆறும் ஏழும் மார்பின் இரு பக்கம். ஒருவர் எண்ணைச் சொல்லி அடிக்க வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். குச்சி குச்சியில்தான் படவேண்டும், உடம்பில் அல்ல.

இரண்டாவது பாடம் இடது கையைப் பற்றியது. குச்சி வலது கையில் இருக்கும். இடது கை மார்புக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும். எதிராளியின் குச்சியை நம் குச்சி சந்தித்த பிறகுதான் இடது கை போய் அவன் மணிக்கட்டை அமுக்க வேண்டும். “குச்சி போனால் வேறு குச்சி வாங்கலாம். கைக்கு உயிர் இருக்கிறது. அது எப்போதும் குச்சிக்குப் பின்னால்” என்பார் ரோடெல். பிரபாகரின் இடது கை முந்தினால் பிரம்பின் நுனியால் மெல்ல ஒரு தட்டு விழும்.

ஒன்றும் இரண்டுமே நான்கு மாதம் ஓடின. ஏழுக்கு வந்து சேர ஒன்றரை வருடம். “ஏழும் சுத்தமாகட்டும், பிறகு எட்டு” என்று ரோடெல் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கொரோனா வந்தது. ஹோட்டலை மூடினார்கள். ரோடெலை முதல் விமானத்தில் அனுப்பினார்கள், பிரபாகரை மூன்று மாதம் கழித்து. அவர் ஏழு எண்களோடு மலையேறி வந்தார்.

ஊருக்கு வந்து பழைய லாட்ஜிலேயே மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் புல்வெளியில் குச்சி சுற்றுவார். பிரம்பு கிடைக்காததால், பிடுங்கிப்போட்ட கிழட்டுக் காப்பிச் செடியின் தண்டைச் செதுக்கி வைத்துக்கொண்டார். டூரிஸ்ட்டுகளுக்குக் கைத்தடி செய்து விற்கிற மரம்தான் அது. இரும்பு மாதிரி இருக்கும். பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும். காப்பிக் கம்பு விட்டுக்கொடுக்காது.

வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் ஐஸ்வர்யா. பக்கத்து ஹோட்டலின் ரிசப்ஷனில் இருப்பவள். ஒரு மாலை டியூட்டி முடிந்து பனிமூட்டத்தில் நடந்து போனபோது, குடித்துவிட்டு வந்த வேன் கூட்டம் ஒன்று அவளை ஏரி வரைக்கும் துரத்திக் கேலி செய்தது. அடுத்த நாள் அவள் வந்து, “ஏனுங்க, நீங்க புல்லுல சுத்தறீங்களே, அதை எனக்குச் சொல்லித்தர முடியுங்களா” என்றாள். ஒருத்தி நாலு பேரானாள், நாலு பதிமூன்றானது. பதினொரு பெண்கள், இரண்டு ஜீப் டிரைவர்கள். ஏரிப்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பேட்மிண்டன் கொட்டகையில், செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை. சனி ஞாயிறு கூட்டம் இறங்கி, திங்கட்கிழமை பெருக்கிக் கழுவி முடித்தபின் மலையில் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது செவ்வாய் காலையில்தான்.

அதில் ராஜேஸ்வரியும் ஒருவர். நாற்பத்தேழு வயது, டெய்லர். அவர் கணவர் வேலுசாமியும் அவரும் சேலத்திலிருந்து வந்து கடைவீதியில் கடை போட்டு இருபது வருடம் ஆகிறது. முன்பாதியில் வேலுசாமியின் மிளகு, ஏலக்காய், தேன், தைலம். பின்பாதியில் ராஜேஸ்வரியின் தையல் மிஷின். “நாள் பூரா குனிஞ்சே கெடந்து கழுத்து புடிச்சுக்குதுங்க மாஸ்டர். கையக் கால அசைச்சா சரியாப் போகுமான்னு பாக்க வந்தேன்” என்றுதான் வந்தார். ஆறே மாதத்தில் வகுப்பில் முதல் ஆள் ஆகிவிட்டார். ஊசிக்கு முன்னால் துணியை இம்மி பிசகாமல் தள்ளிப் பழகிய கைகள். சொன்னதைச் சொன்ன இடத்தில் வைப்பார்.

ஒன்றரை வருடத்தில் ரோடெல் தந்ததை பிரபாகர் எட்டு மாதத்தில் தந்து முடித்துவிட்டார். ஏழாம் எண் எல்லோருக்கும் வந்ததும் ஐஸ்வர்யா கேட்டாள்.

“எட்டு எப்பங்க மாஸ்டர்? மொத்தம் பன்னண்டுன்னீங்க.”

எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் பதிமூன்று பேர் மூச்சு வாங்கியபடி, வியர்வையைத் துடைத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அடுத்த வாரம்” என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

போனில் தேடினார். ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு எண்ணிக்கை. ஒருவருக்கு எட்டு முழங்காலில் விழுந்தது, இன்னொருவருக்குக் கழுத்தில். ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும்போது நாமும் வைத்தால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றியது. ரோடெலையே கேட்டிருக்கலாம். அவர் பேஸ்புக்கில்தான் இருந்தார். ஆனால் வகுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏற்கெனவே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நல்லது தம்பி. ஏழோடு நிறுத்து. ஏழு சுத்தமாக இருந்தால் ஓர் ஆயுளுக்குப் போதும்.’ அதைப் படித்த பிறகு எட்டு என்ன என்று எப்படிக் கேட்பது? அந்த வாரத்திலிருந்து பிரபாகர் படங்களை ரோடெல் பார்க்க முடியாதபடி வைத்துக்கொண்டார்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கரடியூர்க் காப்பித் தோட்டத்துக்குள்தான் பிறந்தன. செடிகளைக் கழித்துவிடும் கவாத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வேண்டாத கொப்பு தண்டிலிருந்து நேராக மேலே கிளம்பியிருக்கும். இடது கையால் அதைப் பிடித்து வளைத்து, வலது கையால் கத்தியைக் கீழிருந்து மேலே இழுத்தால் ஒரே வெட்டில் வந்துவிடும். சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை செய்த வேலை. அந்த இழுப்பு அழகாக இருந்தது. அதையே ஒன்பதாம் அடியாக வைத்தார். கீழிருந்து மேலே. அதைத் தடுப்பதற்கும் செடியே வழி சொன்னது போலிருந்தது: முதலில் இடது கையை முன்னால் நீட்டி வருகிற கம்பைப் பிடி, பிறகு உன் குச்சியைக் கொண்டு வா.

ரோடெல் ஒன்றரை வருடம் தட்டித் தட்டிப் பின்னால் நிறுத்திய இடது கையைத் தானே முன்னால் அனுப்புகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. வகுப்பில் செய்து காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். “இது நொம்ப நல்லா இருக்குதுங்க மாஸ்டர், மத்ததெல்லாத்தையும் விட” என்றார் ராஜேஸ்வரி.

மெதுவாகச் செய்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செவ்வாய், ஹோட்டல் மேனேஜர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார். கோடை விழா மேடையில் இவர்களை ஆட விடலாமா என்று பார்க்க வந்தவர். பிரபாகர் ராஜேஸ்வரியை அழைத்தார். எண்களை வேகமாகச் சொன்னார், வேகமாக அடித்தார். ஒன்று முதல் எட்டு வரை டக் டக்கென்று மரத்தில் மரம் விழுந்தது. ஒன்பதில் அந்தச் சத்தம் வரவில்லை. ஈரச் சுள்ளியை மிதித்தது போல் சின்னதாக வேறொன்று கேட்டது.

ராஜேஸ்வரியின் இடது கை பிரபாகர் சொல்லிக்கொடுத்த இடத்தில் இருந்தது. இம்மி பிசகாமல். நடுவிரலும் மோதிரவிரலும் விரல்கள் போகக் கூடாத பக்கம் போயிருந்தன.

கீழே உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது, “மன்னிச்சுக்குங்க மாஸ்டர். கைய எங்கியோ தப்பா வெச்சுட்டேன்.”

ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ராஜேஸ்வரி உதட்டைக் கடித்தார். வேலுசாமி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எலும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆச்சு என்று பொதுவாகக் கேட்டார். வேலுசாமி பிரபாகரைப் பார்த்தார்.

“அக்கா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க” என்றார் பிரபாகர்.

சொல்லி முடித்த கணத்தில் காது மடல்கள் சுட்டன. திருத்திச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் டாக்டர் நர்ஸிடம் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகும் அந்த இரண்டு விரல்கள் முழுசாக மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. மலையில் அத்தனை ஊர்ப் பெண்களுக்கும் புது ரவிக்கை வேண்டும். ராஜேஸ்வரியின் வருடமே அதற்கு முந்தைய இரண்டு மாதம்தான். வலது கை சக்கரத்தைச் சுற்றலாம், மோட்டாரும் ஓட்டலாம். துணியைத் தள்ளுவது இடது கை. அது இல்லாமல் மிஷின் வெறும் மேஜை.

நான்கு நாள் கழித்து பிரபாகர் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். வேலுசாமி மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர். உங்க சிஷ்யை உள்ளதான் இருக்கறா. ஊட்டுல சும்மா இருன்னா கேக்கறதில்ல. வயசான காலத்துல குச்சி சுத்தப் போனவளாச்சே, நாம சொன்னா கேப்பாளா.” வாங்க வந்தவரிடம் திரும்பி, “பாருங்க, அம்பதாகப் போவுது, இப்பத்தான் ஃபைட் சீனு” என்றார். அந்த ஆள் சிரித்தார்.

உள்ளே ராஜேஸ்வரி தைக்காத துணிகளைத் திருப்பிக் கொடுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால், முடிச்சின் மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு.

“மாஸ்டர், என்னால வகுப்ப நிறுத்திராதீங்க. மேனேஜரு என்னங்க சொன்னாரு?”

“அதெல்லாம் இருக்கட்டுங்க அக்கா. நான் வந்தது...”

“எனக்கு ராத்தூக்கமே இல்லீங்க. திருப்பித் திருப்பி அதத்தான் நெனச்சுப் பாக்கறேன். கைய நீட்டுனது கொஞ்சம் தாமசமாப் போச்சு. இன்னும் முந்தி நீட்டியிருந்தா கம்பு வேகம் புடிக்கறதுக்கு மின்னாலயே புடிச்சிருப்பேன். அதான தப்பு?”

அப்போது ஒரு பெண் துணிப்பையோடு வந்து நின்றாள். கை என்னக்கா ஆச்சு என்றாள். “என் தப்புதான் கண்ணு. மாஸ்டர் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாரு, நாந்தான் கவனமில்லாம” என்று ராஜேஸ்வரி ஆரம்பித்தார். பிரபாகர் வாழைப்பழத்தை மிஷின்மேல் வைத்துவிட்டு, அவசர வேலை என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார். டீக்கடை மாஸ்டர் கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை.

மனைவி வெண்ணிலாவிடம் மட்டும் சொன்னார். அவள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்தும் உரிப்பது நிற்கவில்லை.

“எப்பச் சொல்லப் போறீங்க?”

“எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஒரு வாரமா சோறே எறங்க மாட்டேங்குது. நெஞ்சு வலிக்குது.”

“உங்களுக்கு வலிக்குதாக்கும்” என்றாள். அடுத்த கொட்டையை எடுத்தாள்.

மூன்று செவ்வாய் போயின. அவர் ஒன்று முதல் ஏழு வரையே செய்யவைத்தார். அடிப்படை உறுதியாக வேண்டும் என்று காரணம் சொன்னார். மேடையில் ஏற வாய்ப்பு கிடைத்துவிட்டதால் வகுப்பு பொறுமை இழந்திருந்தது. மேனேஜருக்குப் பன்னிரண்டும் வேண்டும், முக்கியமாக அந்தக் கீழிருந்து மேலே போகிறது வேண்டுமாம். படத்தில் நன்றாக விழுந்திருந்ததாம், சத்தம் வருவதற்கு முன்வரை.

நான்காம் செவ்வாய் ராஜேஸ்வரி வந்தார். மாவுக்கட்டுக் கை கழுத்தில் தொங்க, மறு கையில் காப்பிக் கம்போடு. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்னங்கக்கா, ஒத்தக் கைச் சண்டையா?” என்றாள் ஐஸ்வர்யா.

“உனக்கு ஒத்தக் கையே போதும் போ. வா இங்க. மேடையில என் எடத்துல நீதான நிக்கற? நான் பண்ண தப்ப நீ பண்ணிராத.” அவளை இழுத்து நடுவில் நிறுத்தினார். “ஒம்பதுக்குக் கைய நீட்டு. இன்னும். இன்னும் மின்னால. பயப்படாத. நான் பயந்துதான் தாமசம் பண்ணேன், அதான் ஒடஞ்சுது. மாஸ்டர், ஒரு தரம் அடிங்க. நெச வேகத்துல அடிங்க, அப்பத்தான் இவளுக்கு வரும்.”

ஐஸ்வர்யா கையை நீட்டினாள். ஐந்து விரலும் விரிந்து, குச்சிக்கு ஒன்றரை அடி முன்னால், கொப்பைப் பிடிக்கப் போகிற கை. நகங்களில் பாதி உரிந்த சிவப்புச் சாயம்.

பிரபாகர் கம்பைக் கீழே தாழ்த்தினார். ஒன்பதுக்கு அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அதை அப்படியே தரையில் வைத்தார்.

“கைய எடு கண்ணு.”

“சரியா இல்லீங்களா?”

“நான் சொன்ன மாதிரி சரியாத்தான் இருக்குது. நான் சொன்னதுதான் தப்பு.”

யாருக்கும் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு ஏழுதான் தெரியும். மிச்ச அஞ்சும் நானா கட்டினது. ஒம்பது, கவாத்து வெட்டறது. இடது கை குச்சிக்குப் பின்னாலதான் நிக்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒன்றரை வருஷம் சொன்னார், நான் அதை உங்களுக்கு மாத்திக் கொடுத்தேன். அக்கா கை நான் வைக்கச் சொன்ன இடத்துலதான் இருந்தது. ஆஸ்பத்திரில அவங்க அவசரப்பட்டாங்கன்னு சொன்னதும் பொய்.

தகரக் கூரையில் சில்வர் ஓக் இலைகள் உரசுவது கேட்டது. ஜீப் டிரைவர்களில் ஒருவர் தன் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸ்வர்யா நீட்டிய கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ராஜேஸ்வரிதான் பேசினார். குரல் உயரவே இல்லை.

“ஏழு வரைக்கும் நெசமுங்களா?”

“நெசந்தானுங்க அக்கா.”

“அன்னைக்குக் கடைக்கு வந்தப்ப இதச் சொல்லத்தான் வந்தீங்களா?”

“ஆமாங்க.”

“நான் பேசிட்டே இருந்தேன். நீங்க கேட்டுட்டே இருந்தீங்க.” மாவுக்கட்டைப் பார்த்தார். “நாலு வாரமா என்னைய நானே திட்டிட்டு இருக்கறேன். ஊட்டுக்காரரு கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிக்கறாரு. சிரிச்சா சிரிக்கட்டும், எம்பட தப்புதானன்னு இருந்தேன். ஏனுங்க, கை ஒடஞ்சது கூடப் பரவால்ல.”

பிரபாகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜேஸ்வரி மாவுக்கட்டுக் கையை லேசாகத் தூக்கினார், போதும் என்பதுபோல்.

“மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க. எத்தன பேருகிட்ட நான் எந்தப்புன்னு சொன்னேனோ, அத்தன பேருகிட்டயும் போயி மாத்திச் சொல்ல என்னால முடியாது. நீங்க வாங்க. வர்ற சனிக்கெழம காலைல இருந்து கடையில வந்து உக்காருங்க. கை என்னாச்சுன்னு கேக்கறவங்களுக்கு நீங்க சொல்லுங்க.”

“ஒரு நாள் முச்சூடுமா?”

“கேக்கறவங்க வர்ற வரைக்கும்.”

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனார். திருவிழாவுக்கு முந்தைய சனி. கடைவீதியில் ஜீப்புகளும் வேன்களும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. ராஜேஸ்வரி மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டிருந்தார். முதலில் வேலுசாமியிடம் சொல்ல வேண்டியிருந்தது. மிளகு மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் முழுவதையும் கேட்டார்.

“இத அன்னைக்கே டாக்டருகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொல்லியிருக்கணுமுங்க.”

வேலுசாமி மனைவி இருந்த பக்கம் பார்க்கவில்லை. ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்க்க முடியாதவர்கள் இன்று கடையில் இரண்டு பேர் என்று பிரபாகருக்குத் தோன்றியது. தைலப் பாட்டில்களை எடுத்துத் துடைத்து, துடைத்த பாட்டிலையே மறுபடி துடைத்தார் வேலுசாமி. காலை டீ வந்தபோது மனைவியின் டம்ளரை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிரபாகருக்கும் ஒன்று வைத்தார். வாங்க மாஸ்டர் என்று சொல்லவில்லை.

முதலில் வந்தது பள்ளிக்கூட ஆயா ஒருவர். கையைப் பார்த்து ஐயோ என்றார். ராஜேஸ்வரி தலையை மட்டும் ஸ்டூல் பக்கம் அசைத்தார். பிரபாகர் எழுந்து நின்று சொன்னார். அந்தம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, ராஜேஸ்வரியின் தோளைத் தடவிவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் டீக்கடை மாஸ்டர், காலி டம்ளர் எடுக்க வந்தவர். கேட்டுவிட்டு, கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனதுபோல் நின்றார். அந்தக் கேலியைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு டூரிஸ்ட் தம்பதி தேன் வாங்க வந்து, சம்பந்தமே இல்லாமல் கேட்டார்கள், அவர்களிடமும் சொன்னார். மதியத்துக்குள் பதினேழு பேர். எத்தனை முறை சொன்னாலும் எளிதாகவில்லை. ஒவ்வொரு முகமும் புரிந்துகொள்ளும் அந்த இடம், கண்கள் மாவுக்கட்டிலிருந்து அவருக்கு நகரும் இடம், அது ஒவ்வொரு முறையும் புதிதாக இருந்தது.

மூன்று மணிக்கு கரடியூர் ஜீப்பிலிருந்து கண்ணம்மாள் இறங்கினாள். வெண்ணிலாவின் தங்கை. எஸ்டேட்டில் கவாத்துக் கூலி வேலை. கையில் ரவிக்கைத் துணி.

“அட, மாமா. இங்கென்ன, தையல் கத்துக்கறீங்களா?” பிறகு ராஜேஸ்வரியைப் பார்த்தாள். “கை என்னாச்சுங்க?”

மனைவியின் தங்கையிடம் சொல்வதுதான் இருந்ததிலேயே கடினம். அவளுக்குக் கவாத்து தெரியும் என்பதால் பாதியிலேயே புரிந்துவிட்டது. துணியை மிஷின்மேல் வைத்துவிட்டு, இடது கையால் காற்றில் ஒரு கொப்பைப் பிடித்தாள், வலது கையால் கீழிருந்து மேலே இழுத்தாள். இன்னொரு முறை மெதுவாகச் செய்து பார்த்தாள்.

“கொப்பு நம்மள அடிக்க வராது மாமா” என்றாள்.

கேலி செய்யத்தான் ஆரம்பித்தாள் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லி முடிக்கும்போது அவள் முகத்தில் கேலி இல்லை.

“வராது” என்றார் பிரபாகர்.

ராஜேஸ்வரி வலது கையால் ரவிக்கைத் துணியை எடுத்து, மூன்று விரலில் நெருடிப் பார்த்தார். நல்ல பருத்தி. மடித்து அவளிடமே நீட்டினார். “இந்த வருசம் முடியாது கண்ணு. கீழ சேலத்துல குடுத்துக்க.”

கண்ணம்மாள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். கடை வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, “ஏனுங்கக்கா, கையில என்ன கட்டு?” என்றாள்.

பிரபாகர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.